காய்ச்சல் கருவியில் ஒரு பெயர்

இந்தத் தெரு மருத்துவமனை விழாவுக்குத் தலைமை தாங்கும் வடிவாம்பாள் அம்மையார் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து மாலையின் கனத்தைத் தாங்கும் அவர்தம் கணவர், சரிகை வணிகச் சக்கரவர்த்தி, கொடையில் கொட்டும் மழை, விளம்பரத்தில் வெட்டும் மின்னல், திருஞானசம்பந்தம் ஐயா அவர்களே! ஏனாத்தூரிலிருந்து பேருந்தில் நின்றபடியே வந்து, இப்போதுதான் உட்கார இடம் கிடைத்த பேராசிரியப் பெருமக்களே! பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கொசுவைக் காலிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! விசிலுக்கு வாயைக் குவித்தபடி பின்வரிசையில் நிற்கும் என் நண்பன் சத்யராஜே! பன்னிரண்டாம் வகுப்பு விக்ரமின் பணிவான வணக்கம்!

எனக்கு இட்ட பணி ஐயாவைப் பாராட்டுவது. "பையன் நல்லா வாய் பேசறான், என்னைப் பத்தி நாலு வார்த்தை பேசட்டும்" என்று ஐயாவே சொல்லியிருக்கிறார். பாராட்டாமல் இறங்க மாட்டேன்; ஐயா எழுந்து ஓடினாலும் விட மாட்டேன்!

என்ன சத்யராஜ்? "இன்னாடா, ஓவரா போய்க்கினு இருக்கே?" என்கிறாயா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையப்பா!

அதோ, மேசைமேல் பட்டுத்துணி போர்த்தி ஒரு கருவி இருக்கிறதே, அதன் பெயர் என்ன? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேற்பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வுப் படக்கருவி! இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் காய்ச்சல் தானாக இறங்கிவிடும். மீதிப் பேருக்காக என் அக்கா சுகாசினி, ஆராய்ச்சி மாணவி, மூன்று வருடம் உழைத்து இதைக் கட்டியிருக்கிறாள்.

டெங்குவா, டைபாய்டா, எலிக்காய்ச்சலா? ஒரு துளி ரத்தத்தில் சொல்லிவிடும். எப்படிச் சொல்லும்? ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் தங்கம் பூசியிருக்கிறது. எவ்வளவு தங்கம்? தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு! அம்மா, கழுத்தைத் தடவிப் பார்க்காதீர்கள், அது வேறு தங்கம். இந்தத் தங்கத்தின் மேல் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள். டெங்குவைப் பிடிக்க ஒரு புள்ளி, டைபாய்டைப் பிடிக்க ஒரு புள்ளி. அடியிலிருந்து சரியான கோணத்தில் ஒளியைப் பாய்ச்சினால், தங்கத்தின் எலக்ட்ரான்கள் அலையாக எழுந்து அந்த ஒளியை விழுங்கிவிடும், திரை இருண்டுவிடும். பிறகு ரத்தத்தை ஓடவிட்டால், எந்தப் புள்ளியில் நோயின் சுவடு ஒட்டுகிறதோ, அந்தப் புள்ளி மட்டும் வெளுக்கும். கேமரா படம் பிடிக்கும். சாயம் வேண்டாம், சாயத்தொட்டி வேண்டாம், சாயம் போகுமோ என்ற சண்டையும் வேண்டாம்!

இத்தனை மெல்லிய தங்கம் என்றதும் யாருடைய இதயம் துடித்தது? ஐயாவின் இதயம்! "இன்னாம்மா சுகாசினி, காஞ்சிபுரத்துல இருந்துக்கினு இம்மாம் இளைச்ச தங்கமா? ஊர் மானம் இன்னாத்துக்கு ஆவறது?" என்றார்.

"தடிச்சுப்போனா வெளிச்சம் ஏறாது ஐயா" என்றாள் அக்கா.

"தங்கம் ஏறினா எல்லாம் ஏறும்மா!" என்றார். எப்பேர்ப்பட்ட தத்துவம்! நியூட்டனுக்குத் தெரியாமல் போயிற்றே!

சில்லைத் தம் முலாம் பட்டறைக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. எப்படி வந்தது? நடுவில் தடித்த தங்க எழுத்தில், 'உபயம்: திருஞானசம்பந்தம்'! அதன் மேலேயே புள்ளி வைக்கச் சொன்னார். கோயில் டியூப்லைட்டில் பெயர் எழுதி வெளிச்சத்தை மறைத்த பரம்பரை நாம். விஞ்ஞானத்தை மட்டும் விட்டுவைப்போமா?

நேற்று மாலை வெள்ளோட்டம். டெங்கு ரத்த மாதிரியை அக்கா ஓடவிட்டாள். திரை இருண்டது. இருட்டின் நடுவே ஜொலித்தது ஒன்று. என்ன? 'உபயம்'! டெங்குப் புள்ளி எங்கே? 'உ'வின் மேல் உட்கார்ந்து ஊமையாகிவிட்டது. டைபாய்டு? 'ய'வுக்குள் சிக்கி மூச்சு விடவில்லை. கருவி கண்டுபிடித்த முதல் நோயே உபயம்தான். இதற்கு எந்த மருத்துவர் மருந்து எழுதுவார்?

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

ஏன்? என் பேச்சு முடிந்ததும் பேராசிரியர்கள் இந்தத் திரையைத்தான் பார்க்கப் போகிறார்கள். படம் வந்தால் கருவி நம் தெருவில் இருக்கும். வராவிட்டால் கல்லூரிக் கிடங்குக்குப் போகும், அக்காவின் மூன்று வருடத்தோடு. ஐயாவின் முலாம் ஏறாத, மெல்லிய தங்கச் சில்லு ஒன்று அவள் கையிலேயே இருக்கிறது. ஆனால் ஐயாவின் ஆணை என்ன? "என் சில்லைப் போட்டாத்தான் விழா. இல்லாட்டி ரூமைக் காலி பண்ணிக்கோ." அறை ஐயாவுடையது. அக்கா எப்படிப் பேசுவாள்? மைக் என்னிடம் இருக்கிறது, நான் பேசுகிறேன்.

தாய்மார்களே! போன மழைக்குக் காய்ச்சல் காணாத வீடு உண்டா? என்ன காய்ச்சல் என்று தெரியாமல் காத்துக் கிடக்காத கண் உண்டா? தாமல் கிராமத்திலிருந்து எல்லம்மாள் அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ரிப்போர்ட்டுக்காக நின்றாரே! தாள் கைக்கு வந்ததும் என்ன கேட்டார்? 'யார் உபயம்?' என்றா கேட்டார்? "இன்னா காய்ச்சல்பா?" என்றுதானே கேட்டார்! அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தானே இந்தத் தங்கம்?

ஐயா, உங்கள் தங்கத்தில் குறையில்லை. கனம்தான் கூடிவிட்டது. இளைத்த தங்கம் உழைக்கிறது. தடித்த தங்கம் தடுக்கிறது!

என்ன ஐயா? "அப்போ என் பேரு எங்கடா வரும்?" என்கிறீர்களா? வாசலில் எழுதுங்கள்! கூரையில் எழுதுங்கள்! தண்ணீர்த் தொட்டியில் எழுதுங்கள்! இடம் போதாவிட்டால் என் முதுகில் எழுதுங்கள்! ஒளி போகும் வழியில் மட்டும் வேண்டாம்!

அமைதி, அமைதி. தலைவர் வடிவாம்பாள் அம்மா ஏதோ சொல்கிறார். என்னம்மா? "சுகாசினி, நீ உன் சில்லையே போடும்மா. இவரு பேருதானே? இத்தினி வருஷமா கூப்பிடாத பேரு, இனிமே வீட்ல நானே கூப்டுக்கிறேன்!"

ஐயா சிரித்துவிட்டார்! தலையையும் ஆட்டிவிட்டார்! சத்யராஜ், இப்போது அடியப்பா விசிலை!

அக்கா சில்லை மாற்றுகிறாள். விளக்கை அணையுங்கள். திரை இருள்கிறது... மாதிரி ஓடுகிறது... மேல் வரிசை, இடப்பக்கம்... பாருங்கள், பாருங்கள், வெளுக்கிறது! டெங்குப் புள்ளி! ஒற்றைப் புள்ளி! பேராசிரியர்கள் எழுந்து நிற்கிறார்கள். அக்கா அழுகிறாள், இந்த அழுகைக்கு நான் பொறுப்பு.

அறை கொடுத்த ஐயாவுக்கும், ஆணை கொடுத்த அம்மாவுக்கும் நன்றி. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். இனி இந்தத் திரையில் யார் பெயராவது வந்தால், அவருக்குக் காய்ச்சல் என்று பொருள். நம் ஐயாவின் பெயர் நூறாண்டு காலம் அதில் வராதிருக்க வாழ்த்தி இறங்குகிறேன். வணக்கம்!