படி வளைவில் மாட்டிய ஆர்மோனியம்

— டேய், மெதுவா! என் கால் மேல இருக்குடா பெட்டி!

— நான் என்னக்கா பண்றது? வளைவுல மாட்டிக்கிச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. அப்பா மாதிரியே பிடிவாதம்.

— என் தலையெழுத்து! ஊர்ல அவனவன் அப்பா வீடு வாசல்னு வச்சுட்டுப் போறாங்க. நம்ம அப்பா, காலால மிதிச்சாத்தான் சத்தம் வர்ற ஆர்மோனியத்தை வச்சுட்டுப் போயிருக்காரு.

— அது மட்டுமா? ஓடாத கடிகாரம், சாவியில்லாத பூட்டு, மூடியில்லாத கூஜா... பழம்பொருள் கடைக்காரர் எல்லாத்தையும் வண்டியில ஏத்திட்டாரு. இது ஒண்ணுதான் பாக்கி. இதுவும் இறங்கிட்டா வீட்டு ஓனர்கிட்ட சாவியைக் குடுத்துட்டு, அம்மாவை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்.

— ஏன்டா, வழியை அடைச்சுக்கிட்டு ரெண்டு பேரும் என்ன பேச்சு? நான் எப்படி இறங்குறது?

— அங்கேயே மேல்படியில கொஞ்சம் உக்காரும்மா. உன் வீட்டுக்காரரோட பெட்டிதான் வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது.

— அவரு இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்? கூடத்துல கால் வைக்க இடம் உண்டா எனக்கு?

— அது சரி, முதல்ல இதை எப்படித்தான்மா மாடிக்கு ஏத்தினாங்க?

— படி வழியா எங்கடா ஏத்தினாங்க? கயிறு கட்டி பால்கனி வழியா இழுத்தாங்க. தெருவே நின்னு வேடிக்கை பாத்துச்சு.

— அப்போ அப்படியே இறக்கிடலாமே!

— அடுத்த மாசமே உங்கப்பா பால்கனிக்குக் கம்பி போட்டுட்டாரே. திருடன் வந்து ஆர்மோனியத்தைத் தூக்கிட்டுப் போயிடுவானாம்.

— கேட்டியாக்கா? திருடனாம்! ரெண்டு தடியாளுங்க சேர்ந்து பாதி படி இறக்க முடியல.

— இளிக்காதடா. எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஊர் ஊரா சுத்தினாரே, கிளம்பினா எப்ப வருவாருன்னு நமக்கு என்னிக்காவது தெரிஞ்சுதா? எங்கேயோ கச்சேரின்னு காதுல விழுந்தா போதும், ரயிலை விட்டுப் பாதியிலயே இறங்கிடுவாரு.

— என் கல்யாணத்துக்கு விடிஞ்சா முகூர்த்தம், அப்பதானே வந்து சேர்ந்தாரு! மடியில குழந்தை மாதிரி ஒரு விளக்கு. அதுவும் விரிசல் விட்ட விளக்கு.

— உனக்கு அந்த விளக்கு உறுத்துதுன்னா, எனக்கு இது. கொட்டுற மழையில லாரி மேல உக்காந்து, இதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. நான் ஸ்கூல் யூனிஃபார்மோட வாசல்ல நிக்கிறேன். என்னைப் பாத்து என்ன சொன்னாரு தெரியுமா? ‘இது என்னோடது, யாரும் தொடக்கூடாது’ன்னாரு.

— இன்னுமாக்கா அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கே?

— ஒரு சின்ன ஆர்மோனியம் வாங்கிக் குடுங்கப்பான்னு எத்தனை வருஷம் அழுதிருப்பேன்? எனக்குன்னா கையை விரிச்சாரு. தனக்குன்னா லாரியே வந்துச்சு. வலிக்காதாடா?

— சரி விடுக்கா. இப்ப என்ன செய்யலாம், அதைச் சொல்லு. கீழ கடைக்காரர் ஹார்ன் அடிச்சே கொன்னுடுவாரு போல.

— ரம்பத்தை எடு. பெட்டியோட காலை அறுத்துடு.

— அறுத்தா கடைக்காரர் எடுத்துக்கணுமே?

— எடுக்கலைன்னா அடுப்புக்கு ஆகும். தொலையட்டும்! அப்பா வாசிச்ச அழகுக்கு இது ஒண்ணுதான் குறைச்சல். சாயங்காலம் ஆனா அதே பாட்டு, அதே இடத்துல தப்பு. பக்கத்து ரூம்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். கல்யாணமாகிப் போய் எப்ப திரும்பி வந்தாலும் அதே தப்பு!

— போய்ச் சொல்லிக் குடுத்திருக்கலாமேக்கா.

— தொடாதேன்னாரே! நானும் அவரு பொண்ணுதானே, தொடவே மாட்டேன்னு இருந்துட்டேன். என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறே? அறு!

— ரம்பத்தைக் கீழ வைடா. ஏன்டி, அவரு இந்தப் பெட்டியோட வர்றதுக்கு முந்தின நாள் நீ ஆடின ஆட்டம் ஞாபகம் இருக்கா?

— நான் என்ன ஆடினேன்?

— உனக்குக் குரலே இல்லைன்னு பாட்டு டீச்சர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்கன்னு அழுதுக்கிட்டு வந்தே. இனிமே இந்த வீட்ல யாராவது பாட்டுன்னு வாயைத் திறந்தா ஓடிப் போயிடுவேன்னே. ராத்திரி சாப்பிடக்கூட இல்ல.

— அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?

— லாரியைப் பாத்ததும் நான்தான் மழையில ஓடினேன். உனக்குன்னு ஆசையா வாங்கிட்டு வந்தவருகிட்ட, ‘குழந்தை நொந்து போயிருக்கா, இப்ப இதை நீட்டாதீங்க’ன்னு சொன்னேன். ‘சரி, என்னோடதுன்னு சொல்லிக்கிறேன்’னாரு.

— அம்மா...

— மிச்சத்தையும் கேளு.

— இத்தனை வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? நீயாவது!

— ‘வாயைத் திறக்காதே, அவளா வந்து உக்காரணும்’னாரு.

— தொடாதேன்னு சொல்லிட்டு, வந்து உக்காரணும்னா எப்படிம்மா வருவேன்?

— அதைத்தான் நானும் கேட்டுத் தலையில அடிச்சுக்கிட்டேன். யாரு பேச்சை என்னிக்குக் கேட்டாரு? எத்தனை கச்சேரி கேட்ட காதுடி அது, ஒரு பாட்டை ஒழுங்கா வாசிக்கத் தெரியாதா அவருக்கு? வேணும்னேதான் தப்பு பண்ணினாரு. என்னிக்காவது பொறுக்க முடியாம நீ எழுந்து வந்து, ‘நகருங்கப்பா, நான் வாசிக்கிறேன்’னு சொல்ல மாட்டியான்னு.