கடற்கரைக்கு ஒரு வேட்டி

பிள்ளைகளே, லண்டனில் ஆர்ச்வே போகும் ரயிலில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் தாய்லாந்துக்குப் புறப்படவிருந்தார். இளையவர் அங்கே, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்ட் வீட்டில் தங்கி லண்டன் வந்தவர்.

“பாங்கொக்கிலை ரயில் எடுங்கோ அண்ணை. இறங்கினால் இருக்க வாங்கு போட்ட பிக்கப் வான் நிக்கும், கடற்கரையிலை விடுவாங்கள். குளிக்கக் கட்டைக் காற்சட்டை கொண்டுபோங்கோ.”

“வேட்டி வச்சிருக்கிறன்.”

“கடற்கரைக்கு வேட்டியோ?” இளையவர் சிரித்தார்.

“என்ரை தம்பிக்குத் திவசம் செய்ய. அவனும் ஏஜென்ட் வீட்டிலை நிண்டவன். அந்தக் கடலிலைதான் மூழ்கித் தாண்டு செத்தவன். நீந்தத் தெரியாதவன் ஏன் இறங்கினவன் எண்டுதான் விளங்கேல்லை.”

இளையவரின் சிரிப்பு நின்றது.

“பொலிஸ் சந்தேகப்படாமல் இருக்க, சுற்றுலா வந்த ஆக்கள் மாதிரி ஒவ்வொரு நாளும் கடலிலை குளிக்கச் சொல்லுவான் ஏஜென்ட். எங்களுக்கும் சொன்னவன் அண்ணை.”

மூத்தவர் தலையாட்டினார்.

“ஓம். சின்னனிலேயே சொன்ன சொல் கேக்கிற பிள்ளை அவன்.”