செல்லாத நோட்டு

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், என் எதிரே கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்: "திருடித் துன்னேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாருக்கா சூப்பர்வைசர்."

"இன்னாடி சொல்ற?"

"கேன்டீன்ல இனிமே ஸ்கேன் பண்ணாதான் சோறாம். போனை கேட்லயே வாங்கி வெச்சுக்கினா நான் எதை வெச்சு ஸ்கேன் பண்றது? நேத்து நூறு ரூபா நோட்டை நீட்டுனேன். இங்க அது செல்லாதுன்னுட்டான் கேன்டீன்காரன்."

"கவர்மென்ட் அடிச்ச நோட்டு, இவனுக்குச் செல்லாதா?"

"அதையேதான் நானும் கேட்டேன். நோட்டை அவன் முன்னால வெச்சுட்டு, தட்டை எடுத்துக்கினு போய்த் துன்னேன். சூப்பர்வைசரைக் கூட்டியாந்துட்டான்."

"எழுதிக் குடுத்தியா?"

"குடுக்கல. இன்னிக்கு குடுக்கலன்னா வேலை இல்லையாம். போனாப் போவட்டும். துட்டு குடுத்துட்டு, திருடின்னு கையெழுத்துப் போடுவனா?"

கம்பெனி வாசலில் ஆட்டோ நின்றது.

"உன் நோட்டு இப்ப எங்க கீது?"

"சூப்பர்வைசர் எடுத்து பாக்கெட்ல வெச்சுக்கினார்."

மூத்தவள் முதலில் இறங்கினாள்.

"வா. செல்லாத நோட்டை எதுக்கு எடுத்து வெச்சுக்கினாருன்னு கேப்போம்."