ஏழு தேளும் ஒரே தொட்டியும்

இல்லங்கம்மா, ஆளுக்கு மூணரைன்னு தேளை எப்படிங்க பிரிக்கிறது? கேக்கா அது? நீங்க ஜட்ஜம்மா, எத்தனையோ விவாகரத்துல பங்கு பிரிச்சிருப்பீங்க. காரு, கட்டிலு, தோட்டத்து வீடு. தேளு இப்பத்தான் வருது போல.

உக்காரவா? வேணாங்க, நின்னே பேசறேன். இருபது வருஷமா இந்த ஓஸ்ட்ராவா ஊர்ல டிராம் ஓட்டறேன், உக்காந்து உக்காந்து இடுப்பே போச்சு.

ஆமாங்க, முதல்ல எட்டுதான். ஆறு வருஷம் முன்னாடி ஞாயித்துக்கிழமைச் சந்தையில என் சம்சாரம் யர்மிலா வாங்கினா. எல்லாம் ஒரே வயித்துல பிறந்ததுங்க, விரல் நகம் சைஸு. ஆளுக்கு நாலுன்னு அவ வக்கீல் சொன்னாரா, நானும் நியாயமா நடந்துக்கலாம்னு, நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நாலைப் பிடிச்சு கிறிஸ்துமஸ் பிஸ்கட் டப்பால போட்டுட்டேன். மூச்சு விட ஓட்டை போட்டேங்க, அவ்வளவு மோசமான ஆளு இல்ல நான். ஒம்பது நாளு ஒண்ணுமே திங்கல. இவ போன்ல, திருப்பிக் கண்ணாடித் தொட்டியிலயே விடுன்னு கத்தினா. விட்டேன். மறுநாள் காலையில பாத்தா ஹெட்விகா அத்தை, அனெஷ்கா அத்தையைத் தின்னுட்டிருக்கு. கொடுக்கு மட்டுந்தான் மிச்சம்.

ஐயையோ, மனுஷங்க இல்லம்மா! தேளு. எல்லாத்துக்கும் யர்மிலா அவ அத்தைங்க பேரைத்தான் வச்சிருக்கா. அதுல ஒண்ணு ஆம்பளைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அதுக்கும் அத்தை பேருதான்.

கூட்டா வளக்கறதுக்குன்னு ஒரு முறை இருக்குங்க. ஏழு தேளுன்னா ஒளிஞ்சுக்க எட்டு இடம் வேணும். உடைஞ்ச பூந்தொட்டி போதும். கரப்பானைப் பஞ்சமில்லாம போடணும். பசிச்சாத்தான் பக்கத்துல இருக்கறது சாப்பாடா தெரியும். அதெல்லாம் செஞ்சாலும், ஒரு தடவை பிரிச்சிட்டா முடிஞ்சுதுங்க. மறுபடி சேத்து வச்சா யாரோ எவரோன்னு ஒண்ணைப் பாத்து ஒண்ணு கொடுக்கைத் தூக்கும். நான் கல்யாணத்தைப் பத்திப் பேசலைங்க, தேளைப் பத்திதான் சொல்றேன். அந்த எழுதற தம்பி ஏன் சிரிக்கிறாரு?

அப்புறம் இன்னொண்ணு. லிபுஷா அத்தை மாசமா இருக்கு. போன வருஷத்துலேர்ந்து. ஆமாங்க, அதுக்கு அவ்வளவு நாளாகும். பெத்துச்சுன்னா இருபது குட்டி முதுகுல ஏறி உக்காந்துக்கும். அதுக்கு ஒரு தனி வாய்தா போடுவீங்களா?

என்னது? எனக்கு அதுங்க மேல அவ்வளவு பாசமான்னா கேக்கறீங்க? எனக்கா? பயங்கம்மா! ஆறு வருஷத்துல ஒண்ணைக்கூட கையால தொட்டதில்ல. அந்த நாலைப் பிடிச்சதே கையுறை மேல கையுறை போட்டு, அடுப்பு இடுக்கியாலதான். இன்னிக்கு வரைக்கும் சமையக்கட்டுல சூப் குடிக்கும்போது தொட்டிக்கு முதுகு காட்டி உக்கார மாட்டேன்.

அதனால என்ன சொல்ல வரேன்னா, ஏழையும் அவளுக்கே எழுதிடுங்க. ஏழும்தான். பொறக்கப்போற குட்டிங்களும் அவளுக்கே. எனக்கு ஒண்ணும் வேணாம். தொட்டியை மட்டும் என் சமையக்கட்டுலேர்ந்து எடுக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேத்துடுங்க.

ஏன்னா... நகத்தினா அதுங்களுக்கு ஆகாதுங்க. மண்ணு சரிஞ்சிடும், வளையெல்லாம் மூடிக்கும்.

சரி, அது மட்டும் இல்ல. வியாழக்கிழமை வியாழக்கிழமை இவ தீனி போட வரா. வாசல்ல ஷூவைக் கழட்டிட்டு, அவளோட அந்தப் பழைய வீட்டுச் செருப்பையே மாட்டிக்கிறா. நான் இன்னும் எடுத்துப் போடலைங்க அதை. அரை மணி நேரம் இருக்கா. தேளைப் பத்தி மட்டுந்தான் பேசறோம், ஆனா பேசறோம். பிரிச்சுக் குடுத்துட்டா எதுக்கு வருவா?

இதோ, இங்கதான உக்காந்திருக்கா, அவளையே கேளுங்க. போன வாரம் காபி போடட்டுமான்னு கேட்டேனே, வேணாம்னா சொன்னா?