விற்பதற்கு ஒரு நாள், கொடுப்பதற்குப் பதினாறு மாதம்

மாம்பழம் மணக்கும் இந்தச் சித்தூர் மண்ணில் தமிழும் மணக்க வேண்டும் என்று மன்றம் கண்டு, அந்த மன்றத்தை மகளைப் போல வளர்த்து வரும் அவைத்தலைவர் ஐயா செங்கல்வராயன் அவர்களே, வெள்ளுடையும் வெண்தலையுமாய் முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, வேலூர் பஸ் போனால் போகட்டும், அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, அடுப்பை அணைத்த கையோடு ஓடி வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் திருப்பதி நகரத்து ஓரத்தில் நாலே அறை கொண்ட ஒரு தமிழ்வழிப் பள்ளியின் தலைமையாசிரியை சிவசங்கரி வணங்குகிறேன்.

‘கல்வியும் வளரும் நகரமும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். புள்ளிவிவரம் எடுத்து வரவில்லை. இரண்டு மனிதர்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். சொல்லலாம் அல்லவா?

எங்கள் பள்ளி ரேணிகுண்டா சாலைப் பக்கம் இருக்கிறது. மார்கழிக் காலையில் அங்கே வந்து பாருங்கள். மலையிலிருந்து பனி மெல்ல இறங்கும். முதலில் பத்து மாடிக் கட்டடங்களின் தலை மறையும், பிறகு தோள் மறையும், பிறகு இடுப்பு மறையும். ஏழுமலை மட்டும் வானத்தில் மிதக்கும். பனிக்குள் எங்கிருந்தோ குழந்தைகள் குரல் கேட்கும். ஆளைக் காண முடியாது. அந்த அரை மணி நேரம் எங்களைச் சுற்றி நகரமே இல்லை. நாலு அறையும் ஒரு மைதானமும் உலகத்திலேயே தனியாக நிற்பது போல இருக்கும். வெயில் ஏறியதும் கனவு கலையும். கட்டடங்கள் ஒவ்வொன்றாய் வந்து எங்கள் சுவரை எட்டிப் பார்க்கும்.

அந்த நாலு அறையும் மைதானமும் இருக்கும் நிலத்தைக் கொடுத்தவர் ஒரு விவசாயி. புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கே வேர்க்கடலை போட்டவர். நாற்பது ஆண்டுக்கு முன் ஒரு நாள், “இது பசங்க படிக்கிற எடம்” என்று வாயால் சொன்னார். சொன்னதோடு சரி. பத்திரம் எழுதவில்லை. யாரும் எழுதச் சொல்லவுமில்லை. அவர் போனபின் பட்டா அவர் மகன் ரங்கன் பெயருக்கு மாறியது. அறுபதை நெருங்கும் மனிதர் ரங்கன். சுற்றியிருந்த வயல்களை எல்லாரும் விற்றார்கள், அவரும் விற்றார். அந்தப் பள்ளி நிலத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

பிறகு எங்கள் கூரை ஒழுகியது. பழுது பார்க்க விண்ணப்பித்தேன். அலுவலகம் கேட்டது: “நிலம் யாருடையது?” பள்ளியின் பெயரில் பத்திரம் இல்லை, ஆகவே பணம் இல்லை. கூரை ஒழுகிற பள்ளியில் எந்தத் தாய் பிள்ளையை விடுவாள்? ஒன்றாய், இரண்டாய்க் குழந்தைகள் குறைந்தார்கள். அதே நேரத்தில் ஒரு அடுக்குமாடி நிறுவனத்தின் தரகர் ரங்கன் வீட்டுக்கு வந்தார். “பத்திரம், ரிஜிஸ்ட்ரேஷன், எல்லாம் எங்க வேலை. ஒரே நாள். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்” என்றார்.

ரங்கன் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“டீச்சரம்மா, ஸ்கூலு பேர்லயே எய்திக் குடுத்துடறேன். எங்க போய் எய்தணும்?”

ஒரே நாளில் முடியும் என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அது ஒரு மார்ச் மாதம்.

நகராட்சிக்குப் போனார். “பள்ளி என்றால் கல்வித்துறை, அங்கே போங்கள்.” கல்வித்துறைக்குப் போனார். “நகராட்சிப் பள்ளி அல்லவா, அங்கே போங்கள்.” ஒரு மேசையில் கையெழுத்து இல்லை, ஒரு மேசையில் சர்வர் இல்லை, ஒரு மேசையில் ஆளே இல்லை. எல்லா மேசையிலும் இருந்தது ஒரே ஒரு வாசகம்: “ரேப்பு ரண்டி.” நாளைக்கு வாருங்கள். சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் அந்த வாசகம் பழக்கம்தான் போலிருக்கிறது. ஐயா, எடுத்துக்கொள்ள வந்தவனைத் தடுக்க ஆயிரம் விதி இருக்கட்டும். கொடுக்க வந்தவனைத் தடுக்க எத்தனை விதி? விற்க வந்தால் நாற்காலி, கொடுக்க வந்தால் வாசல் பெஞ்சா?

வீட்டிலும் புயல். அவர் மகன் பவன்குமார் கேட்டான்: “ஊரே வித்துக்கினு கீது நைனா. நீ மட்டும் சும்மா குடுக்கறதுக்கு இவ்ளோ நடக்கறியே, உனக்கு இன்னா வந்துச்சு?”

ரங்கன் சாப்பாட்டை நிறுத்தவில்லை. “நீ ஒண்ணாங்கிளாஸ் எங்க படிச்ச?” என்றார்.

“அதுக்காக?”

மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பல மாதம் போன் கூட இல்லை. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கும் ஒரு வீடு கட்டும் ஆசை இருக்காதா?

இப்போது இரண்டாவது மனிதர். பெயர் ஷோபா. லாட்ஜில் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற வேலை. விடியுமுன் ஈரத்தில் இறங்கினால் பத்து மணிக்குத்தான் கரை ஏறுவார். மகள் காவ்யா எங்கள் மூன்றாம் வகுப்பு. அலுவலகக் கடிதங்களின் தெலுங்கை ரங்கனுக்குப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று ஷோபா துணைக்குப் போகத் தொடங்கினார். இருவரும் போய்ப் போய் ஓராண்டு ஓடிற்று. அடுத்த மார்ச்சில் எங்களுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. குழந்தைகள் பதினேழு பேர்தான். இருபதுக்குக் கீழே போனதால் ஜூன் மாதத்திலிருந்து ரயில்வே கேட்டுக்கு அப்பால் இருக்கும் பள்ளியோடு இணைக்கப்படும். இணைத்துவிட்டால் மைதானம் வெறும் நிலம். வெறும் நிலம் எத்தனை நாள் வெறுமனே இருக்கும்?

ஏப்ரலில் ஒரு நடுப்பகல். நகராட்சி அலுவலக வராந்தாவில், அதே பெஞ்சில், ரங்கனோடு காத்திருந்த ஷோபா கண்ணயர்ந்துவிட்டார். தலைக்கு மேலே மின்விசிறி சோம்பலாகச் சுழல்கிறது. கோப்புகளின் தூசி வெயிலில் பொன்னாய் மிதக்கிறது. அன்று டோக்கன் வாங்கியவர் அவர்தான், உள்ளேயிருந்து பியூன் அந்தப் பெயரைக் கூப்பிட்டார். “ஷோபா.” பதில் இல்லை. மறுபடி, “ஷோபா.” அந்தத் தாய் தூக்கம் கலையாமலே நிமிர்ந்து எழுந்து, கையை உயர்த்திச் சொன்னார்: “உள்ளேன் டீச்சர்.”

அலுவலகமே சிரித்தது. ஒருவர் சிரிக்கவில்லை. கண்காணிப்பாளர் முரளிதரன். அவர் வெளியே வந்து கேட்டார்: “எந்த ஸ்கூல்மா நீ?”

ஷோபாவுக்கு அப்போதுதான் விழிப்பு வந்தது. வெட்கமும் வந்தது. ஆனால் பதில் தடுமாறவில்லை. “உங்க டேபிள் மேல செத்துக்கினு கீதே, அந்த ஸ்கூல்தான் சார்.”

முரளிதரன் உள்ளே போய்க் கோப்பைத் தேடி எடுத்தார். ஆணையர் பெயரில் தானப் பத்திரம் பெறலாம், விதி தடுக்கவில்லை என்று அன்றே குறிப்பு எழுதினார். ஓராண்டாக யாரும் எழுதாத ஐந்து வரி. பிறகு இருவரிடமும் சொன்னார்: “குறிப்பு மேல போய் வர ரெண்டு மாசம் ஆகும். ஜூன்ல எண்ணிக்கைய பாக்க வருவாங்க. அன்னிக்கி இருபது பசங்க இல்லன்னா, வாங்கிக்க ஸ்கூலே இருக்காது.” அவர் இப்போது மாற்றலாகி இந்தச் சித்தூரில்தான் இருக்கிறார். இன்று இந்த அரங்கிலும் இருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார்.

இருபதுக்கு எங்கே போவது? ஷோபா போனது எங்கே தெரியுமா? எங்களை நெருக்குகிற அந்தக் கட்டடங்களுக்கே போனார். பாதி எழும்பிய மாடிகளுக்குக் கீழே தகரக் கொட்டகைகள். சத்யவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள், சிமெண்ட் சுமக்க வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் மணல் குவியலில் உட்கார்ந்து பகலெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷோபா ஒவ்வொரு கொட்டகையாகக் குனிந்து நுழைந்தார். “எங்க ஸ்கூலு இதோ, கூப்பிட்டா கேக்கற தூரம். அனுப்புங்க.” பதினொரு குழந்தைகள் வந்தார்கள்.

ஜூனில் எண்ண வந்த அதிகாரி இருபத்தெட்டு எண்ணினார். நெற்றியைச் சுருக்கினார். “கட்டடம் முடிஞ்சா இவங்க போய்டுவாங்களே” என்றார்.

வாசலில் நின்ற ஷோபா சொன்னார்: “இந்த ஊர்ல கட்டடம் எங்க சார் முடியுது? ஒண்ணு முடிஞ்சா பக்கத்துல ஒண்ணு. இவங்க போவாங்க, வேற பசங்க வருவாங்க. ஸ்கூலு நின்னுக்கினு இருந்தா போதும்.”

அதிகாரி பதிவேட்டை இழுத்து முன்னே வைத்துக்கொண்டார். இணைப்பு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஜூலை மாதம் பதிவு. முழு வெற்றி என்று பொய் சொல்ல மாட்டேன். மைதானத்தின் முன்பாதி, நகரத் திட்டத்தின் அறுபது அடிச் சாலைக்குப் போய்விட்டது. அறைகளோடு சேர்த்து மீதிப் பாதியை எழுதிக் கொடுக்க ரங்கன் வெள்ளைச் சட்டையில் வந்தார். வழக்கப்படி பதிவாளர் கேட்டார்: “உங்க இஷ்டப்படிதான் குடுக்கறீங்களா?”

ரங்கன் சொன்னார்: “நான் எங்க சார் குடுத்தேன்? எங்க நைனா எப்பவோ குடுத்துட்டாரு. ஆபீசுக்குச் சேதி வந்து சேர லேட்டாய்டுச்சு.”

அவையோரே, நகரம் வளரட்டும், சாலை நீளட்டும், மாடி மேல் மாடி ஏறட்டும். அந்த மாடியைச் சுமக்கிறவன் பிள்ளை உட்கார ஒரு தரை வேண்டாமா? உங்கள் தெருவில் ஒரு பள்ளி இருக்கிறது. அது நிற்கும் நிலத்துக்குப் பத்திரம் இருக்கிறதா? யாராவது கேட்டிருக்கிறோமா? நாளைக் காலை கேளுங்கள். ‘ரேப்பு ரண்டி’ என்பார்கள். போங்கள். மறுநாளும் சொல்வார்கள். மறுநாளும் போங்கள். தனியாகப் போகாதீர்கள், ஒரு தாயை அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் காலடிக்குப் பயந்து கோப்பு எழுந்திருக்கும்.

பேச இடம் தந்த தலைவருக்கும், ஒலிபெருக்கி ஒரு முறை கூட இருமாமல் பார்த்துக்கொண்ட தம்பிக்கும், கூரை பழுது பார்த்து முடிந்த எங்கள் நாலு அறைகளின் சார்பில், முப்பத்தொரு குழந்தைகளின் சார்பில், நன்றி சொல்லி வணங்கி அமர்கிறேன். அந்தப் பக்கம் வந்தால் உள்ளே வாருங்கள். கதவு திறந்திருக்கும்.