ரயில்வே எண்ட் கோல் வாசல் மண் குறித்து லொரைன் கிளெக் சொன்னது

என் பெயர் லொரைன் கிளெக். வயது அறுபத்து நான்கு. காலஞ்சென்ற ஃப்ராங்க் கிளெக்கின் மனைவி. ஹார்ட்டன்ஷா ஊரில் ஆலைத் தெரு பதினேழாம் எண் வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு பரிமாறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இதற்கு முன் என் மேல் எந்த வழக்கும் கிடையாது. வக்கீல் வேண்டுமா என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள், வேண்டாம் என்றேன். என்னை யாரும் மிரட்டவில்லை. டீ கொடுத்தார்கள், ஆறிப்போன டீ. இதை எழுதிக்கொள்ளும் சார்ஜென்ட் ஃபெர்ன்லி சின்ன வயதில் எங்களோடு ரயில்வே எண்டில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்தான் என்பதையும் எழுதச் சொன்னேன். அது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றார். எனக்குச் சம்பந்தம் உண்டு என்றேன். எழுதிக்கொண்டார்.

நான் ஹார்ட்டன்ஷா டவுன் கால்பந்துக் கிளப்பின் ரசிகை. தண்டவாளத்துப் பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால், உட்கார இடமில்லாமல் நின்றே பார்க்கும் படிகளுக்குத்தான் ரயில்வே எண்ட் என்று பெயர். கல்யாணத்துக்கு முன்பிருந்து அங்கேதான் நின்று வருகிறேன். என் ஒரே மகன் கேரத்தை வயிற்றில் சுமந்துகொண்டும் அங்கேதான் நின்றேன். பேறுகால மருத்துவச்சி திட்டினாள், நான் கேட்கவில்லை. கேரத் வளர்ந்து கூரைக்கு ஓடு வேயும் வேலைக்குப் போனான். மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாளில் தேவாலயக் கூரையிலிருந்து வழுக்கி விழுந்து இறந்தான். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. டவுன் ரசிகர் யாராவது செத்தால், எரித்த சாம்பலை ரயில்வே எண்ட் கோல் வாசலில் புதைப்போம். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் நார்மன் புல்லைச் சதுரமாக வெட்டி அப்படியே தூக்குவார், குழியில் சாம்பலைக் கொட்டுவோம், அதன் மேல் செத்தவர் சட்டையிலோ தொப்பியிலோ குத்தியிருந்த கிளப் பேட்ஜை வைப்போம், அதன் பிறகு நார்மன் புல்லைத் திரும்பப் பொருத்திக் காலால் மெதுவாக அழுத்துவார். மேலாகத் தூவினால் புல் கருகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. இதற்கு அனுமதிச் சீட்டு என்று எதுவும் கிடையாது. கிளப்பின் பழைய தலைவர் கறிக்கடை வைத்திருந்தார். கடைக்குப் போய்ச் சொன்னால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டுவார். அதுதான் அனுமதி.

கேரத்தையும் அப்படித்தான் இடது கம்பத்தை ஒட்டி வைத்தோம். அவன் பேட்ஜ் சின்னது, வட்டமானது, ஓரத்தில் பச்சைப் பூச்சு உதிர்ந்திருக்கும். தேவாலயத் தோட்டத்தில் இடம் இருக்கிறது என்று பாதிரியார் சொன்னார். அங்கே அவனுக்கு யாரைத் தெரியும் என்று கேட்டேன்.

அதன் பிறகு பழைய தலைவர் உடம்புக்கு முடியாமல் கிளப்பை விற்றார். வாங்கியது வீடு கட்டி விற்கும் ஒரு வெளியூர்க் கம்பெனி, அதன் முதலாளி பெயர் ஆட்ரியன் பிரையர். அவர் முதல் நாள் வந்தபோது கழுத்தில் எங்கள் பச்சை வெள்ளை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து கையசைத்தார். ஊரே கைதட்டியது, நானும் தட்டினேன். அதன் பிறகு டீமின் மேனேஜரை ஒரு குறுஞ்செய்தியில் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்து வந்தவரையும் அனுப்பினார். கோல் அடித்துக்கொண்டிருந்த ஒரே ஆட்டக்காரனைப் பக்கத்து ஊர்க் கிளப்புக்கே விற்றார். பச்சை வெள்ளைச் சட்டையை எடுத்துவிட்டுக் கறுப்பும் பொன்னிறமும் போட்டார். டி.வி.யில் எடுப்பாகத் தெரியுமாம். எங்களை எந்த டி.வி. காட்டியது? ரயில்வே எண்டுக்குத் தன் கம்பெனிப் பெயரை வைத்தார். நார்மனை வேலையை விட்டு நீக்கினார். டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது.

தோற்பது எங்களுக்குப் புதிதில்லை. தோற்றால் நம்ம டீம் தோற்றுவிட்டது என்று திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவோம். இவர் வந்த பிறகு யாரோ தோற்ற மாதிரி இருந்தது. வயிற்றெரிச்சல் அதுதான்.

அதன் பிறகு சென்ற ஆண்டு தேவாலய ஹாலில் ரசிகர்கள் கூடினோம். ஆளுக்கு ஒன்று பேசினார்கள். மனு கொடுக்கலாம் என்றார் ஒருவர், பேச்சுவார்த்தை என்றார் இன்னொருவர். நான் பொறுக்காமல் நாற்காலியில் ஏறி நின்றேன். சார்ஜென்ட் கேட்பதால் அப்போது சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அவன் கேட்டுக்குள்ள ஒருத்தரும் கால் வைக்காதீங்க. டிக்கெட் வாங்காதீங்க. அவன்கிட்ட இருந்து என்ன வந்தாலும் பிரிக்காதீங்க. காலியாக் கெடக்கிற படிக்கட்டப் பாத்துப் பாத்தே ஓடிருவான்."

நல்ல கைதட்டல். வீட்டுக்கு வந்ததும், வருடம் முழுக்க ஆட்டம் பார்க்க வாங்கி வைத்திருந்த என் சீசன் டிக்கெட்டைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி பிரையர் பெயருக்கே தபாலில் அனுப்பினேன். ரயில்வே எண்ட்காரர்கள் ஏறக்குறைய எல்லாரும் என் பேச்சைக் கேட்டார்கள். பேப்பர் கடை வில்ஃப் டாட்டர்சாலின் மனைவி ஒருத்திதான் தயங்கினாள். வில்ஃபும் அந்தக் கோல் வாசலில்தான் இருக்கிறார். வீட்டுக்காரரைப் பார்க்காமல் எப்படி லொரைன் என்றாள். அவர் எங்கேயும் போய்விட மாட்டார், நாம் ஜெயித்துத் திரும்பிப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அவளும் டிக்கெட் வாங்கவில்லை.

அதன் பிறகு ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் மைதானத்துக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். மழையிலும் நின்றோம். சுவருக்கு அந்தப் பக்கம் இடது கம்பம் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அங்கே போய் நின்றுகொள்வேன். இங்கேதான்டா இருக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை காலை கண் டாக்டரைப் பார்க்க பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு லாரி மண்ணும் பிய்த்த புல்லுமாகப் போனது. சிக்னலில் நின்றபோது பார்த்தேன், புல்லின் மேல் வெள்ளைக் கோடு இருந்தது. துண்டு துண்டாக, ஒரு கோடு வளைவாக, ஒரு கோடு நேராக. அது எங்கள் மைதானத்துக் கோடு. டிரைவரிடம் கதவைத் திறக்கச் சொல்லி நடு ரோட்டில் இறங்கி மைதானத்துக்கு ஓடினேன். கேட் திறந்து கிடந்தது. என்னை யாரும் தடுக்கவில்லை.

உள்ளே புல்லே இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தோண்டியிருந்தார்கள். கோல் கம்பங்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். இடது கம்பம் நின்ற இடத்தில் குழி இருந்தது, குழியில் தண்ணீர் நின்றது. பிரையர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு இரண்டு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் புல் போடுகிறார்கள், அதைத் தினமும் வாடகைக்கு விடலாம் என்று அவரே சொன்னார். கோல் வாசலில் இருந்தவர்கள் எங்கே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, கேலியும் செய்யவில்லை. அதையும் எழுத வேண்டும்.

"மிசஸ் கிளெக், தோண்டறதுக்கு முன்னாடி வந்து எடுத்துக்கங்கன்னு தகவல் அனுப்பினோமே. சில குடும்பம் வந்து எடுத்துட்டும் போனாங்க."

"யாருக்கு அனுப்பினீங்க?"

"சீசன் டிக்கெட் வச்சிருக்கிற எல்லாருக்கும். அந்த விலாசம்தான எங்ககிட்ட இருக்கு. நீங்க உங்க டிக்கெட்டை ரெண்டா வெட்டி எனக்கே அனுப்பிட்டீங்க."

ஊர்ப் பத்திரிகையில் ஒரு வரி போட்டிருக்கலாம், கேட்டில் ஒரு அட்டை மாட்டியிருக்கலாம் என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றியது இதுதான்: என் பேச்சைக் கேட்டவர்களுக்குத்தான் தகவல் வரவில்லை. கேட்காதவர்கள் தங்கள் ஆட்களை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

அதன் பிறகு கேட்டருகே டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரரிடம் இந்த மண் எங்கே போகிறது என்று விசாரித்தேன். அவர் வெளியூர்க்காரர், அந்த மண்ணில் யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது.

"நல்ல மண்ணும்மா, வீணாக்கல. மேட்டுல முதலாளி புது வீடு கட்டுறாருல்ல, அங்க தோட்டத்துக்குப் போடுறோம். தண்டவாளத்துப் பக்கத்து மண்ணு போன வாரமே போயிருச்சு. மாதிரி வீட்டுக்குப் பாதி, அடுத்த வீட்டுக்குப் பாதி."

அவருக்கு நன்றி சொன்னேன். நேற்று கண் டாக்டரிடம் போகவில்லை.

இன்று காலை என் கணவரின் மண்வெட்டியையும் கடைக்குக் கொண்டுபோகும் சக்கரப் பையையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் மேட்டுக்குப் போனேன். உருளைக்கிழங்கு தோண்டப் போகிறீர்களா என்று டிரைவர் கேட்டார், ஆமாம் என்றேன். வீடு வாங்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் மாதிரி வீடு முதல் வரிசையில் இருந்தது. வாசலில் கறுப்பும் பொன்னிறமுமாகக் கொடி பறந்தது. முன்பக்கப் புல்தரையைப் புதிதாக விரித்திருந்தார்கள், வேர் இன்னும் பிடிக்கவில்லை, ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் பாய் மாதிரி சுருண்டு வந்தது. அடியில் எங்கள் மண் இருந்தது. வெள்ளைக் கோட்டோடு ஒரு துண்டுப் புல் கவிழ்ந்து கிடந்தது. நான் தோண்ட ஆரம்பித்தேன். வீடு விற்கும் பெண் கதவைத் திறந்து தோட்ட வேலைக்கு வந்தவரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு மண்வெட்டியில் ஒரு பேட்ஜ் தட்டுப்பட்டது. துடைத்துப் பார்த்தேன். அது பெரியது, கேடயம் போல இருந்தது, கோப்பை ஜெயித்த வருடத்தில் வந்தது. எங்கள் ஊரில் அதைத் தொப்பியில் குத்திக்கொண்டு திரிந்தவர் வில்ஃப் டாட்டர்சால் ஒருவர்தான். பேப்பர் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது அந்த பேட்ஜ்தான். மன்னிச்சிருங்க வில்ஃப் என்று வாய்விட்டுச் சொன்னேன். அதைச் சுற்றியிருந்த மண்ணைக் கையால் அள்ளிச் சக்கரப் பையில் போட்டேன். அதில் எவ்வளவு வில்ஃப், எவ்வளவு மண் என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு மிச்சப் புல்தரை முழுவதையும் சுருட்டிவிட்டுத் தோண்டினேன். கேரத்தின் பேட்ஜ் கிடைக்கவில்லை. அதற்குள் அந்தப் பெண் போலீசுக்குப் போன் செய்துவிட்டாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

லாரிக்காரர் சொன்ன மறுபாதி அடுத்த வீட்டில் இருந்தது. அங்கே ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். அங்கேயும் புல் விரித்துத் தண்ணீர் தெளித்திருந்தார்கள், பச்சையாக இருந்தது. நான் மண்வெட்டியோடு வேலியருகே போய் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், தோண்டுவதற்குத்தான் போனேன். ஓர் இளம்பெண் துணிக்கூடையோடு வெளியே வந்தாள். ஊருக்குப் புதிது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என் கைகளையும் முழங்கால் சேற்றையும் பார்த்தாள், பயப்படவில்லை.

"யாரையாவது தேடுறீங்களாம்மா?"

"என் பையனை."

"இங்கதான் கடைசியாப் பாத்தீங்களா?"

"இல்ல. இங்க வந்திருப்பான்னு சொன்னாங்க."

"பேரென்ன?"

"கேரத்."

"என்ன சட்ட போட்டிருந்தான்?"

"பச்ச வெள்ள."

கூடையைப் புல்லின் மேலேயே போட்டுவிட்டு, வீட்டுச் செருப்போடு தெருவுக்கு ஓடினாள். நின்றிருந்த வேன்களுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கட்டி முடிக்காத வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தாள். கேரத், கேரத் என்று கத்திக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். நான் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பெயரைத் திறந்த வெளியில் யாரும் சத்தமாகக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிறது. கேட்டுக்கொண்டு நின்றேன். மண்வெட்டியை நடைபாதையில் வைத்துவிட்டேன். அவள் வீட்டுப் புல்லை நான் தொடவில்லை. அதன் பிறகு போலீஸ் வண்டி வந்தது, நானே ஏறிக்கொண்டேன். வண்டி திரும்பும்போதும் அவள் குரல் தெருக்கோடியில் கேட்டது.

மாதிரி வீட்டின் புல்தரையை நாசம் செய்ததை ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் அங்கே போவீர்களா என்று சார்ஜென்ட் கேட்டார். மாட்டேன். அந்தப் புல்லுக்கு அடியில் அவன் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அந்தப் பெண் நல்லவள். சாட்சிப் பொருளாக எடுத்து வைத்திருக்கும் சக்கரப் பையை வராந்தாவில் வைத்திருக்கிறார்கள், அங்கே சாரல் அடிக்கிறது, உள்ளே வைக்க வேண்டும். வழக்கு முடிந்ததும் அதையும் பேட்ஜையும் வில்ஃப் மனைவியிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி வேண்டும். வேறு யாரும் போய்ச் சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டியவள் நான்தான். இன்னொன்று, உடனே யாராவது மேட்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் என் பையன் தொலைந்துபோகவில்லை, இறந்துவிட்டான் என்று சொல்ல வேண்டும்.

நான் சொன்னதைச் சார்ஜென்ட் எழுதி, எனக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. யாரும் தூண்டாமல் முழு நினைவோடு சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) லொரைன் கிளெக்

எழுதியவர் குறிப்பு: மேற்படி லொரைன் கிளெக் கேட்டுக்கொண்டபடி சக்கரப் பை உள்ளே எடுத்து வைக்கப்பட்டது. அதன் பிறகு மாதிரி வீட்டுக்கு அடுத்த வீட்டுக்கு நானே நேரில் சென்றேன். அந்தப் பெண்மணி வீட்டில் இல்லை. பச்சை வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையனைக் காணவில்லை என்று அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக்கொண்டு குவாரிப் பக்கம் தேடப் போயிருப்பதாக அவர் கணவர் தெரிவித்தார்.

(ஒப்பம்) சார்ஜென்ட் ஃபெர்ன்லி