எதிரி அணி இல்லாத வருடம்

டண்டினொங் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு நண்பர்கள். தொப்பி போட்டவர் திடீரென்று சொன்னார்: "இனி எனக்கும் அண்ணைக்கும் கதைக்க ஒண்டுமில்லை மச்சான்."

அடுத்தவர் வீட்டுச் சண்டை என்றாலே எனக்குத்தான் முதலில் வியர்க்கும். வேறு பெட்டிக்கு ஓடப் பார்த்தேன். நின்றிருந்த கூட்டம் விடவில்லை.

"ஏன், காணிப் பிரச்சினையோ?" என்றார் மற்றவர்.

"இல்லையடா. அமெரிக்காவில நான் படிச்ச கம்பஸும் அவர் படிச்ச கம்பஸும் புட்போலில பரம எதிரிகள். இப்ப எங்கட டீம் டீவிக் காசுக்காக வேற கொன்பரன்சுக்கு, அதான் வேற லீக்குக்கு, தாவிட்டுது. இனி ரெண்டு டீமும் மோதாது."

"அதுக்கு?"

"அப்பான்ர செத்தவீட்டுக்குப் பிறகு நாங்கள் கதைக்கிறேல்லை. வருசத்தில ஒருக்கா, மட்ச் முடிய, வெண்டவன் தோத்தவனுக்கு போன் எடுத்து நக்கலடிக்கிறது. அவ்வளவுதான்."

"சும்மா ஒருக்கா எடன்."

"எடுத்து என்னத்தைச் சொல்லுறது?"



"கடைசியா ஆர் வெண்டது?"

"நாங்கள்தான். நல்லா நக்கலடிச்சுப் போட்டன்."

"அண்ணை என்ன சொன்னவர்?"

"'அடுத்த வருசம் பாரடா' எண்டு சொல்லிப்போட்டு வைச்சவர்."